நாற்பத்தொன்றாம் அளவு

"உன் பேட்ஜ் எங்கம்மா?"

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த ஸ்கேன் சென்டரில் தேவகி ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள், சென்னைக் கல்லூரியிலிருந்து ஒரு பெட்டியும் லேப்டாப்புமாக வந்த ராம்ப்ரஸாத்தான். அப்போது அவள் ஸ்கேன் மேசையில் ஒரு குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். பெற்றவள் பிடித்தால் கை நடுங்கும், படம் கலங்கிவிடும் என்று அந்த வேலை இவளுக்கு வந்திருந்தது. கதிரைத் தடுக்கும் ஈய அங்கி கிழிந்து ஒரு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"எனக்கு ஏது சார்? அதெல்லாம் ஸிந்துஜா மேடத்துக்குத்தான்."

ஸிந்துஜா டெக்னீஷியன். அவள் மார்பில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எங்கோ அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பார்கள். அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் மேனேஜர் ராஜகோபால் அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிட்டார். அவள் இடத்தில் ஸ்கேன் பொத்தானை இப்போது கதிர்வேல் அழுத்துகிறான். மேசைக்குப் போன பிறகும் ஸிந்துஜா பேட்ஜைக் கழற்றவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத் தேவகிக்கு வயிறு எரிந்தது.

"தேவகி, பாட்டில்ல தண்ணி பிடிச்சுத் தரியா? குனியாதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

தேவகி குனிந்து பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கும் நாள் தள்ளி இரண்டு மாதமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் கூட வேலை பார்த்த வடிவாம்பாள் சொன்னாள். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

ஒருநாள் தேவகி, ஸிந்துஜா கழற்றி வைத்திருந்த கோட்டிலிருந்து பேட்ஜை எடுத்துப்போய், கக்கூஸ் கண்ணாடி முன்னால் தன் ரவிக்கையில் குத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ராம்ப்ரஸாத்தின் பெட்டியில் இருந்தது ஒளி ஓடும் இழை. அதன் நுனியில் கதிர் பட்டால் மினுங்கும். அந்த மினுக்கம் இழை வழியே வெளியே வந்து லேப்டாப்பில் எண்ணாகும். நோயாளிகள் நாற்பது பேருக்கு எவ்வளவு படுகிறது என்று அளக்க வந்திருந்தான். முதல் இழையைக் கதிர்வேல் மடக்கி ஒடித்துவிட்டான்.

"நகருப்பா, நீ கயிறு பிடிக்கிற மாதிரி பிடிக்கிறே" என்று தேவகி வாங்கிக்கொண்டாள். எட்டாவதோடு நின்று, அப்பாவின் தறியில் அறுந்த பாவு இழைகளை முடிந்த விரல்கள். அன்றிலிருந்து நோயாளிமேல் நுனியை வைத்து டேப் ஒட்டுவது அவள் வேலையாயிற்று.

"பேட்ஜ் போட்டுக்கினா கதிர் உள்ள போகாதா சார்?"

"தடுக்காதும்மா. எவ்ளோ பட்டுதுன்னு எண்ணும், அவ்ளோதான்."

"எண்ணவாச்சும் செய்யுதே" என்றாள்.

நோயாளிகள் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. அரை நிமிஷம் படுத்து எழுந்து போகிறவனுக்குக்கூட ஓர் எண் இருந்தது.

நான்காம் நாள் மதியம் நாற்பதும் முடிந்தது. ராம்ப்ரஸாத் டீ குடிக்கப் போயிருந்தான். இழை அறையிலேயே கிடந்தது, லேப்டாப்பும் அணையாமல் இருந்தது. முசரவாக்கத்திலிருந்து, மாடிப்படியில் விழுந்த பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தேவகி குழந்தையைப் படுக்கவைத்தாள். கதிர்வேல் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கொசுவத்தை விலக்கி, தன் தொப்புளுக்குக் கீழே நுனியை வைத்து டேப்பை ஒட்டினாள். பிறகு குழந்தையின் தலையைப் பிடித்தாள்.

திரும்பி வந்த ராம்ப்ரஸாத் லேப்டாப்பைப் பார்த்தான்.

"நாற்பத்தொண்ணா? குழந்தைக்கு ஒட்டினியா? எண் அப்படி இல்லியே."

"எனக்குத்தான் சார் ஒட்டினேன். எவ்ளோ காட்டுது?"

சேலைக்குள்ளிருந்து வெளியே தொங்கிய இழையை அவன் பார்த்தான். ஸ்கேன் சீட்டோடு வாசலில் நின்ற ஸிந்துஜாவும் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போயிற்று.

"இன்னா கூத்து இது?" ராஜகோபால் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தார். "பேஷண்டுக்குத்தான் சார் பர்மிஷன். ஆயிரம் தடவ பிடிக்கிறவளோட நம்பர் வெளிய போச்சுன்னா நாளைக்கே இன்ஸ்பெக்‌ஷன்னு வந்து நிப்பானுங்க. அத அழிச்சுடுங்க. இங்க அளவெடுத்ததுக்கு உங்க காலேஜ் லெட்டர்ல இன்னும் நான் கையெழுத்துப் போடல."

"சார், எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் தேவகி.

ராம்ப்ரஸாத் ஒரு பொத்தானைத் தட்டினான். திரையில் பட்டியல் நாற்பதாவது வரியோடு நின்றது. ராஜகோபால் கையெழுத்துப் போட்டார்.

தேவகி டேப்பை உரித்தாள். தோலில் சிவந்த சதுரம் விழுந்திருந்தது. இழையை எங்கும் மடங்காமல் வட்டமாகச் சுற்றி அவனிடம் நீட்டினாள். கேட்ட கேள்வி அவள் முகத்தில் அப்படியே நின்றது.

அவன் அதை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினான். அடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, வெளியே போனான்.