சாவியை வலப்பக்கம் திருப்பினேன்

என் வாய்க்கொழுப்பைப் பற்றி எங்கள் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள். அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டார்ஹோம் வண்டி வைத்திருக்கிற கிழடுகளின் சங்கம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை நெப்ராஸ்காவில் ஒரு மைதானத்தில் வண்டிகளோடு கூடுவோம். என் வண்டியில் இன்ஜினுக்குப் பொறி கொடுப்பது இன்னும் பழைய சிபி பாயிண்ட்தான். கருகினால் உப்புத்தாளால் நாலு இழுப்பு, இடைவெளியைச் சரிபார்த்தால் கிளம்பிவிடும். அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று ஒரு கறுப்பு டப்பாவைப் போட்டவன் ஒருத்தனையும் நான் சும்மா விட்டதில்லை.

"அந்தக் கறுப்பு டப்பா நடுவழியில செத்துப்போனா என்னடா பண்ணுவ, உக்காந்து ஒப்பாரி வெப்பியா?" என்று ஆர்லோவை நான் கேட்காத வருஷமே கிடையாது. முப்பது வருஷச் சிநேகிதன். சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

போன ஜூலை, சனிக்கிழமை மத்தியானம். எல்லோரும் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவுகிற முறை எனக்கு. ஆனால் ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம். என் ரேடியோ பழுது. மெல்ல நழுவினேன். எங்கள் கூட்டத்தில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை, ஆர்லோவின் வண்டியில் சாவியும் அதன் இடத்திலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்து, திருப்பி, ரேடியோவைப் போட்டேன். இரண்டரை மணி நேரம். எங்கள் அணி இரண்டுக்கு ஒன்பது என்று மண்ணைக் கவ்வியது. எரிச்சலில் ரேடியோவை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பாத்திரத்துக்கு டிமிக்கி கொடுத்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வண்டியை நகர்த்தப் போனான் ஆர்லோ. இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பொறியே வரவில்லை. அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! இருபது பேர் சுற்றி நிற்க, முக்காலி மேல் ஏறிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டே அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றினேன். என்னிடமிருந்த உபரி பாயிண்டையும் கண்டென்சரையும் மாட்டினேன். அரை மணியில் வண்டி உறுமியது. கை தட்டினார்கள். யாரோ ஒரு துண்டு கேக்கைக் கையில் திணித்தார்கள்.

அப்போதுதான் ஆர்லோ என்னை ஓரமாக இழுத்தான்.

"டப்பா மேல தப்பில்லடா, வெர்ன். நான் ஏறுறப்ப சாவி ஆன்லயே இருந்துச்சு. நாலு மணிக்கு நெட்டி ஸ்வெட்டர் எடுக்க வந்தா, அவதான் திருப்பிட்டு மறந்திருப்பா. போன மாசம் அடுப்பப் பத்தவெச்சிட்டு மறந்துட்டா. யார்கிட்டயும் சொல்லிடாத."

நெட்டி அவன் மனைவி. அவன் வண்டியில் ரேடியோவுக்குச் சாவியை இடப்பக்கம் திருப்ப வேண்டும். என் வண்டியில் வலப்பக்கம். பழக்க தோஷத்தில் வலப்பக்கம் திருப்பி இக்னிஷனையே ஆன் பண்ணியிருக்கிறேன், இறங்கும்போது சாவியை அப்படியே விட்டும் வந்திருக்கிறேன். இன்ஜின் ஓடாமல் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ந்தால் எந்த டப்பாவும் வெந்துதான் போகும். பாயிண்டே இருந்திருந்தாலும் கருகியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும்.

"நான்தான்டா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த இருபது பேர் இன்னும் கலையவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுடா, வயசானா அப்படித்தான்" என்றேன். இந்த நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

நெட்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் எதுக்குச் சாவியைத் தொட்டேன்னே ஞாபகம் வரலை வெர்ன், உன்னைப் போட்டு வேலை வாங்கிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்!

மூன்று வாரம் கழித்துச் சங்கத்துப் பத்திரிகையில் ஆர்லோவின் வண்டி விற்பனைக்கு என்று போட்டிருந்தது. போன் பண்ணினேன். இலையுதிர் காலத்தில் நெட்டியின் தங்கையைப் பார்க்க ஓரிகன் போவதாக இருந்தார்கள், அதை ரத்து பண்ணிவிட்டார்களாம். வண்டியில் தான் தூங்கும்போது அவள் கேஸைத் திறந்துவிட்டால் என்ன ஆவது என்றான் ஆர்லோ. நெட்டி தன் கார் சாவியையும் அவளாகவே அவனிடம் கொடுத்துவிட்டாளாம். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன். அவர்கள் சமையலறையில் குளிர்பெட்டிக் கதவு முழுக்கச் சீட்டுகள், நெட்டியின் கையெழுத்தில். அடுப்பை அணை. குழாயை மூடு. மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆட்டம், இரண்டுக்கு ஒன்பது, பாத்திரம், வலப்பக்கம், எதையும் விடவில்லை. பேசி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

ஆர்லோ எழுந்து வந்து என் தோளைத் தட்டினான். "இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? பெரிய மனசுடா உனக்கு."

"ஆர்லோ, சத்தியமா நான்தான்டா."

நெட்டி சிரித்தாள். எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தாள்.

"எனக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிற பாரு. நீயா இருந்திருந்தா அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்ப, வெர்ன். முப்பது வருஷமாப் பாக்குறேன், உன்ன எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஒரு சீட்டை எடுத்து எதையோ எழுதி, குளிர்பெட்டியில் ஒட்டினாள். வண்டிச் சாவியைத் தொடாதே என்று இருந்தது.