மேடையில் சொல்ல வேண்டிய பெயர்

எங்கள் மைசூரில் யாராவது உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டால் போதும், பிடித்து இழுத்து மேடையில் உட்காரவைத்துவிடுவார்கள். தலையில் சரிகைத் தலைப்பாகை, தோளில் சால்வை, மடியில் பழக்கூடை, ஒரு போட்டோ. சன்மானம் என்று பெயர். ஓய்வு பெறுகிறவருக்கும் இதுதான், சதுரங்கத்தில் ஜெயித்த பையனுக்கும் இதுதான். எனக்கும் ஒருமுறை செய்தார்கள். தலைப்பாகை புருவம் வரை இறங்கிவிட்டது. கூடையில் மேலே நான்கு ஆப்பிள், கீழே முழுக்க வைக்கோல். இந்தப் பழக்கத்தோடு எனக்குச் சண்டை எதுவும் இருந்ததில்லை, சென்ற பிப்ரவரி வரைக்கும்.

என் பெயர் வடிவு. ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அதோடு, அங்கே பாலியல் தொந்தரவு பற்றி யாராவது புகார் சொன்னால் விசாரிக்கும் உள் புகார்க் குழுவுக்கு நான்தான் தலைவி. சட்டப்படி எல்லாக் கல்லூரியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். இருக்கிறது, பல இடங்களில் சுவரில் மட்டும். எங்கள் கல்லூரியிலும் குழுவின் பெயர்ப் பலகையைக் கொண்டுபோய் முதல்வர் அறைக்கு எதிரே, கேமராவுக்கு நேர் கீழே மாட்டினார்கள். எந்தப் பெண் அங்கே நின்று என் நம்பரைக் குறித்துக்கொள்வாள்? கத்திக் கூப்பாடு போட்டு, அதையே சின்னதாக அச்சடித்துப் பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டவைத்தேன். "அங்கேயா மேடம்?" என்று முகத்தைச் சுளித்தார்கள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிதானமாகப் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜீவிதா அதை அங்கேதான் படித்தாள்.

எம்.எஸ்சி. இரண்டாம் வருட மாணவி. ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பா கரியப்பன் ஹெப்பாளில் கட்டட வேலை மேஸ்திரி, இவள் ஹாஸ்டலில். முதல் வருடம் முழுக்க, கல்லூரியில் எந்த விழா என்றாலும் தொடக்கத்தில் பிரார்த்தனைப் பாட்டு இவளுடையதுதான். பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் அரட்டை அடங்கும், அப்படி ஒரு குரல். கலைக்குழுவைக் கவனித்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் மனோஜ்குமார் ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் இவளை மட்டும் நிற்கச் சொல்லி, அறைக் கதவைச் சாத்தினார். அதற்கு மேல் நடந்ததைக் குழுவில் பதிவு செய்திருக்கிறோம். இங்கே எழுத மாட்டேன். அவள் பெயரையும் ஊரையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அவள் சம்மதத்தோடு. அன்றோடு அவள் பாடுவதை விட்டுவிட்டாள். மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடப் போனாள். அதன் பிறகு விழாக்களில் பென் டிரைவில் பாட்டுப் போட்டார்கள்.

என்னிடம் வந்தபோது முதலில் கேட்டது இதைத்தான்.

"மேடம், நான் சொன்னா என் பேரு வெளிய வருமுங்களா?"

"வராது. எங்க குழுவைத் தாண்டிப் போகாது. முதல்வருக்குத் தெரியும், அவர்தான் நடவடிக்கை எடுக்கணும்."

"வந்துதுன்னா ஹாஸ்டல்ல 'கம்ப்ளைண்ட் ஹுடுகி'ன்னு பேரு வெச்சுருவாங்க மேடம். அப்பறம் நான் பாடுனா என்ன, ரேங்க் வாங்குனா என்ன, அந்தப் பேருதான். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். எப்பன்னு நான்தான் பாக்கோணும்."

ஹுடுகி என்றால் கன்னடத்தில் பெண். புகார்ப் பெண். இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு பெயரைத் தலையில் சுமந்துகொண்டு யார் நடப்பார்கள்? பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

விசாரணை ஒழுங்காக நடந்தது. அவரும் அவளும் ஒரே அறையில் உட்காரவேயில்லை. கூட ஒரு தோழியை வைத்துக்கொள்ளச் சொன்னோம். வாரம் ஒருமுறை வரும் மனநல ஆலோசகர் வைஷாலியிடம் அவள் தொடர்ந்து போனாள். போலீசுக்குப் போவதானால் கூடவே வருகிறோம் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கட்டும் என்று விட்டோம். மனோஜ்குமார் நிர்வாகத்தில் ஒருவருக்குச் சொந்தம். ஆனாலும் முதல்வர் யக்ஞநாராயணன் அசையவில்லை. குழு சொன்னபடி அந்த ஆளை வேலையிலிருந்து நீக்கி அனுப்பினார். உண்மைக் காரணம் வெளியே யாருக்கும் தெரியவில்லை, ஏதோ ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

அதே மனிதர்தான் பிப்ரவரி கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேல்கோட்டைக் குடும்பம். என்னோடு மட்டும் வீட்டுத் தமிழ் பேசுவார்.

"வாங்கோ வடிவு, உக்காருங்கோ. மகளிர் தினத்துக்கு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். நம்ம ஜீவிதாவுக்கு மேடையில சன்மானம்!"

"எதுக்கு சார்?"

"எதுக்கான்னா? தைரியத்துக்குத்தான்! எத்தனை பேர் வாயைத் திறப்பா சொல்லுங்கோ? இவளைப் பாத்து நாலு குழந்தைகள் தைரியமா வருமோல்லியோ? தலைப்பாகைக்குச் சொல்லியாச்சு. ஃப்ளெக்ஸ் பேனருக்கு அவளோட ஐடி கார்டு போட்டோவை எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன்."

இத்தனை மாதம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பெயரை, கெட்டவன் யாரும் இல்லை, இந்த நல்ல மனிதர் பத்தடி பேனரில் அடித்து வாசலில் கட்டப் போகிறார். அதுவும் தலைப்பாகையோடு!

"சார், அந்தப் பொண்ணோட பேரை வெளியே சொல்லவே கூடாது. சட்டமே இருக்கு."

"அது திட்டறதுக்கும் வம்பு பேசறதுக்கும். நாம பாராட்டத்தானே போறோம்?"

"எதுக்குச் சொன்னாலும் பேரு பேருதான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகம் வாடிவிட்டது.

"வடிவு, நான் ஒண்ணு கேக்கறேன். தப்புப் பண்ணினது அவளா? அவ எதுக்கு ஒளிஞ்சுக்கணும்? வெக்கப்பட வேண்டியவன் அவன்தானே?"

அவர் சொன்னது சரிதான். வகுப்பில் நானே சொல்கிற பேச்சுதான் அது. சரியான பேச்சைத் தப்பான இடத்தில் கொண்டுவந்து வைக்கிறாரே என்று எரிச்சல்தான் பொங்கியது.

"வெளியே வர்றதா வேண்டாமான்னு அவதான் சார் முடிவு பண்ணணும். நீங்களும் நானும் இல்லை."

"ஹௌது, ஆமாம், அதனாலதான் அவளையே கேட்டுடலாம்னு வரச் சொல்லியிருக்கேன்."

"சார்! முதல்வர் கூப்பிட்டுக் கேட்டா ஒரு ஸ்டூடண்ட் எப்படி மாட்டேன்னு சொல்லுவா?"

நான் முடிக்கவில்லை, கதவு தட்டப்பட்டது. ஜீவிதா உள்ளே வந்து என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்பது நன்றாகத் தெரிந்தது. அவர் எழுந்து, அன்பாகத்தான், விஷயத்தைச் சொன்னார். சால்வை, தலைப்பாகை, பேனர் எல்லாவற்றையும் சொன்னார். நான் நடுவில் குறுக்கிட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அவளுக்காக அவரும் பேசி, நானும் பேசினால் பிறகு அவள் எப்போதுதான் பேசுவாள்?

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம் ஜீவிதா," என்றேன். "அதனால ஒண்ணும் ஆகாது. சார் முன்னாடியே சொல்றேன்."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"வேண்டாங்க சார்," என்றாள்.

"ஏம்மா? நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயந்தானுங்க. ஆனா நான் செஞ்சதுக்கு இல்லீங்களே சார். எனக்கு ஒருத்தர் செஞ்சதுக்கு என்னையத் தலைப்பாகை கட்டி நிக்க வெச்சா, அதுதான் காலத்துக்கும் நிக்குமுங்க."

யக்ஞநாராயணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் எழுந்தேன். ஜீவிதா நகரவில்லை.

"சார், பிரார்த்தனை யாரு பாடறாங்க?"

"பென் டிரைவ்தான். நீதான் பாடறதை நிறுத்திட்டியே."

"நான் பாடறேனுங்க. பேரு சொல்லோணும்னா அதுக்குச் சொல்லுங்க சார். அதுக்கு மட்டும்."

பேனர் அன்றே நின்றது. போட்டோவை ஆபீஸிலிருந்து நானே போய் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் முதல்வருக்கு மைக் கையில் கிடைத்தால் நாக்கு அவர் வசம் இருக்காது. உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது உளறிவைத்தால் என்ன செய்வது?

விழா நாளன்று கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் சிமெண்ட் ஏறியிருந்தது.

"புள்ள பாடுதுங்களாமா, அப்பா வாங்கன்னு போன் போட்டுச்சு," என்றார் அவராகவே. "ஒருநா லீவு சொல்லிட்டு வந்துட்டனுங்க."

கரியப்பன். இன்னும் அவரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"பிரார்த்தனை, ஜீவிதா, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு," என்று அறிவித்தார்கள். அவள் வந்து நின்றாள். முதல் வரியில் குரல் லேசாக நடுங்கியது. இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. மூன்றாவதில் அவள் பழைய ஜீவிதா. கரியப்பன் வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் நேரம், நிகழ்ச்சி நிரலில் இல்லாமல் யக்ஞநாராயணன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்," என்று கன்னடத்தில் ஆரம்பித்தார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அங்கிருந்து மேடைக்கு ஓடினாலும் போய்ச் சேர முடியாது. ஜீவிதா பாதிப் படியில் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவரும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப நாளாக நம் விழாக்கள் பென் டிரைவில் ஆரம்பித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது பிடிக்கவே இல்லை. இனிமேல் எல்லா விழாவுக்கும் இவள் பாட வேண்டும்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார். வாங்கிவைத்த தலைப்பாகை வீணாகவில்லை. சிறப்பு விருந்தினரான டாக்டர் அம்மாவின் புருவத்தில் போய் உட்கார்ந்தது.

எங்களுக்கு முன்வரிசையில் முதல் வருட மாணவிகள் இரண்டு பேர் தலையைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டார்கள்.

"யாரே அவளு?"

"கொத்தில்வா? நம்ம ஹாஸ்டல் ஹாடோ ஹுடுகி."

தெரியாதா, நம் ஹாஸ்டலில் பாடுகிற பெண். அவ்வளவுதான் சொன்னாள். ஜீவிதா என்ன பெயருக்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். இப்போது என்ன பெயர் கிடைத்திருக்கிறது என்றும் கேட்டுவிட்டேன்.

கரியப்பன் முன்னால் குனிந்து அந்தப் பெண்களின் நாற்காலி முதுகை மெல்லத் தட்டினார்.

"நன்ன மகளு," என்றார். என் மகள்.