அலசாத பாட்டில்

1

"பாட்டிலைக் கழுவி வச்சது ஒரு குத்தமாடி? அழுக்கோட கொண்டு போயிருந்தா மட்டும்..."

"அழுக்கோட இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. நீ சோப்பைப் போட்டு..."

"பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவாம, கொஞ்சிக் கழுவுவாங்களா?"

"எதையும் போடக் கூடாது! அதைத்தான் சொல்ல வரேன். நீ என்னைப் பேச விட்டாத்தானே..."

"பேசு, பேசு. அம்மா செஞ்சது தப்புன்னு ஊரைக் கூட்டிப் பேசு."

"ஊர் நாளைக்குத்தானேம்மா கூடுது."

இந்தக் கதை என்னிடம் இப்படித்தான் வந்தது, பாதியிலிருந்து. எனக்குக் கதைகள் காது வழியாகத்தான் வரும். சிலருக்கு முதலில் ஒரு முகம் தெரியுமாம், ஒரு மரம் தெரியுமாம். எனக்கு இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசுவது கேட்கும். அவர்கள் யார், எதற்கு இந்தக் கூச்சல் என்பதையெல்லாம் நான்தான் பின்னால் போய்த் தேடிச் சேர்க்க வேண்டும். வயதானதில் வெளிக்காது மந்தமாகிவிட்டது. இந்த உள்காது மட்டும் ஓய்வு கேட்க மாட்டேன் என்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. எங்கள் தெருமுனைக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "புதுசா சேர்ந்திருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு சின்னக் கட்டுரை வேணும்மா. சுற்றுச்சூழல் தொண்டுல என்னென்ன வாய்ப்பு இருக்குன்னு. படிச்ச கையோட வந்து பேர் குடுக்கணும்" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஆரம்பித்தும்விட்டேன்.

கல்லூரி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் தொண்டில் வாய்ப்புகள் பல உள்ளன. மரக்கன்று நடுதல், கரையோரக் குப்பை அகற்றுதல், பறவைகளைக் கணக்கெடுத்தல், ஓடை நீரைச் சோதித்தல் போன்ற அரும்பணிகள் வாயிலாக இளைய தலைமுறையினர்

[வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. 'இளைய தலைமுறையினர்' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. கொட்டாவியின் நடுவில்தான் அந்த அம்மாவும் பெண்ணும் சண்டையை ஆரம்பித்தார்கள்.]

2

பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தோழர்கள் வைத்த பெயர் தூண்டில். ஓடையில் இறங்க முடியாத இடத்தில், நீளக் கழியின் நுனியில் பாட்டிலைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுப்பவள் அவள்தான்.

அப்படி ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். கட்டுரைக்காகப் பேராசிரியர் ஒரு விடுமுறை நாள் காலையில் என்னை ஓடைக்கரைக்கு அழைத்துப் போயிருந்தார். போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய நேரத்தில், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மாணவர்கள் பாலத்தடியில் நின்றிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"டேய், என் பூட்ஸுல ஓட்டைடா."

"ஓட்டையில பூட்ஸ் இருக்குன்னு சொல்லு."

"சிரிக்காதடா, மீன் உள்ள வந்துரும்."

"வந்தா எழுதிக்கோ. இந்த ஓடையில மீன் பார்த்தவங்க யாருமில்ல."

கரையில் மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் பெற்ற பிள்ளைகள் இல்லை, நான் படிப்பித்தவர்களும் இல்லை. ஆனாலும் யாராவது அந்த வழியாகப் போனால் கூப்பிட்டு, 'பாருங்கய்யா இவங்களை' என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. யாரும் போகவில்லை. அதனால் உங்களிடம் காட்டுகிறேன்.

அவர்கள் செய்யும் சோதனையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஓடைநீரைச் சிறிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார்கள். தண்ணீர் நீலமானால் பாஸ்பேட் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சலவைத்தூள்களில் இருக்கிற சமாசாரம் அது. நீலம் ஏற ஏறக் கலப்பு அதிகம். அது மிஞ்சினால் பாசி மண்டி மீனுக்கு மூச்சு முட்டும்.

அம்மாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. மேற்பார்வையாளர்.

["ஏன், என்னை ஒரு டீச்சரா போட்டிருந்தா ஆகாதா?" என்று அந்த அம்மா குறுக்கே கேட்டார்.

"ஆகாதும்மா. சோப்பு உங்க கையிலதான் இருக்கணும்."

"அப்படின்னா நல்ல சலவைக்காரின்னு எழுதுங்க. என் கையில வெளுத்த விரிப்பைப் பார்த்து முகம் சுளிச்ச டாக்டர் இன்னும் பொறக்கல."

எழுதிவிட்டேன்.]

3

நடந்தது இதுதான்.

தண்ணீர் எடுக்கும் காலிப் பாட்டில்களைத் தூண்டில் ஒரு பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். அம்மா எட்டிப் பார்த்தார். அடியில் சேறு, கழுத்தில் பாசி. "இந்த லட்சணத்துலயா ஆராய்ச்சி?" என்று வேலையிடத்துச் சலவைத்தூளைப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, வெள்ளைத்துணியில் சுற்றி வைத்தார். மகள் நான்கு பேர் முன்னால் எடுத்து நீட்டும் பாட்டில் பளிச்சென்று இருக்க வேண்டாமா?

மறுநாள் காலையில் மழை கட்டி நின்றது. ஓடையில் நீர் எடுக்க ஒரு விதி உண்டு. அதே ஓடைநீரால் பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுப் பிறகுதான் நிரப்ப வேண்டும். பாலத்துக்கு மேல்பக்கம், நீர் வரும் திசையில் நின்ற குழு தன் அழுக்குப் பாட்டில்களை ஒழுங்காக அலசியது. நீர் போகும் கீழ்ப்பக்கம் தூண்டில். துணியைப் பிரித்தாள். கண்ணாடிபோல் மின்னிய பாட்டில்களைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அலசாமலே நிரப்பிவிட்டாள்.

மேல்பக்கத்துத் தண்ணீர் நிறம் மாறவில்லை. கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் மை கொட்டியதுபோல் நீலமானது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு இடம், பாலத்தடியில் வண்டி கழுவும் கடை. பிள்ளைகள் முடிவைக் கல்லூரி வாசலில் ஒட்டினார்கள். சாயங்காலத்துக்குள் கடைக்காரருக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது: நுரைக்காரர். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். கடையை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்தப் பகுதிக் குடியிருப்போர் குழு கூட்டத்துக்கு நாள் குறித்தது.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள், புது மாணவர்களுக்குச் சோதனையைச் செய்துகாட்டத் தூண்டில் சுத்திகரித்த நீரை எடுத்தாள். 'இதுல எதுவுமே இருக்காது, நிறமே வராது, பாருங்க' என்று சொல்வதற்காக. அதை ஊற்றிவைக்க, மிச்சமிருந்த வெள்ளைத்துணிப் பாட்டில் ஒன்றைப் பிரித்தாள். மருந்தை விட்டாள்.

நீலம்.

புதுப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் மட்டும் அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, பாட்டிலை எதைப் போட்டுக் கழுவின?" என்றாள்.

நீங்கள் உள்ளே நுழைந்தது அதற்குப் பிறகு. மிச்சத்தையும் கேளுங்கள்.

"ஒரு மனுஷன் கடையை மூடப் போறாங்கம்மா. உன் சோப்பால."

"என் சோப்பாலயா? சரி, நான் படிக்காதவ, போட்டுட்டேன். தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை அலசணும்னு நீதானே வீடு பூரா ஒப்பிச்சிட்டுத் திரிஞ்ச?"

"ஒப்பிச்சேன்."

"அலசினியா?"

"இல்ல."

"நீ ஏன்டி அலசல?"

"பளபளன்னு இருந்துச்சும்மா."

[இங்கே இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பேச்சு நின்றால் எனக்குக் கதை நின்ற மாதிரி. சுவர்க் கடிகாரத்தையாவது எழுதலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்த அம்மா பேசிவிட்டார். இது நான் இட்டுக்கட்டியதில்லை, அவர் சொன்னது:]

"நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கிட்டுப் போகப் போற? எடு. தேய்ச்சுத் தரேன்."

4

வண்டி கழுவுபவர் என்னிடம் பேசவே மாட்டேன் என்கிறார். இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான ஆள் இவர்தான்.

முதலில் அவரை நல்லவர் ஆக்கிப் பார்த்தேன். 'அவர் ஒரு சொட்டுச் சோப்புநீரையும் ஓடையில் விட்டதில்லை, தொட்டி கட்டி வடிகட்டி' என்று எழுதினேன். வழவழவென்று போயிற்று. இவ்வளவு வழவழப்பாகப் போனால் எங்கோ பொய் இருக்கிறது. அடித்தேன்.

பிறகு கெட்டவராக்கினேன். 'மாலையானால் வாளியோடு ஓடைப்பக்கம் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று' ... இதுவும் வேண்டாம். வில்லன் சிரிப்பு கேட்கிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலையில் அந்தக் கடையைப் பார்த்தேன். ஈரச் சிமென்ட் தரை, சுருட்டிப் போட்ட ரப்பர் குழாய், தரையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்கால் ஒரு பலகைக்கு அடியில் போய் மறைந்தது. அந்தப் பக்கம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஓடையோரம் கொஞ்சம் நுரை ஒதுங்கியிருந்தது. நுரை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

ஆக, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தூண்டிலுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

5

பேராசிரியர் தொலைபேசியில்: "அம்மா, கட்டுரை ஆச்சுங்களா?"

"ஆயிட்டிருக்கு. அதுல ஒரு பொண்ணு தப்பு பண்ணிட்டா."

"தப்பா? ஐயோ, அதை எடுத்துடுங்கம்மா. தப்பு பண்ணின கதையைப் படிச்சா எவன் பேர் குடுப்பான்?"

"சரி, எடுத்துடறேன். அப்புறம் அவ கூட்டத்துல எழுந்து நிக்கறதையும் எடுக்கணும்."

"... எழுந்து நிக்கறாளா?"

"நிக்கறா."

குரலைத் தாழ்த்தி, "நின்னு என்ன சொல்றா?" என்றார்.

வலை போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர் தானாக வந்து விழுந்தார்.

6

முடிவுகள்.

(அ) தூண்டில் போகவில்லை. அம்மா காய்ச்சல் என்று சொல்லி அனுப்புகிறார். கடை மூடப்படுகிறது. பூட்டு விழும் ஓசையோடு கதை

[எழுத மாட்டேன். சட்டையைத் தேய்த்துக் கொடுத்த கைக்கு இது துரோகம்.]

(ஆ) தூண்டில் போகிறாள், பேசுகிறாள், அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. வண்டி கழுவுபவர் கண்ணீர் மல்க

[மல்க வேண்டாம். ஏமாந்த மனிதர்கள் கைதட்ட மாட்டார்கள், எரிச்சல்படுவார்கள்.]

(இ) எனக்குக் கேட்டது.

பள்ளிக்கூட அரங்கு ஒன்று. மடிப்பு கலையாத சட்டையில் தூண்டில் மைக் முன்னால் நின்றாள். முதல் வார்த்தைக்கே ஒலிபெருக்கி கீச்சிட்டது, யாரோ சிரித்தார்கள்.

"நாங்க ஒட்டின முடிவு தப்புங்க. தண்ணி எடுத்த பாட்டில்லயே சோப்பு இருந்துச்சு. நீலம் காட்டினது அந்தச் சோப்பு."

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் குழுத் தலைவர். "ஊரையே கூட்டி உக்கார வச்சுட்டு. அப்ப ஓடை சுத்தமா இருக்குங்கறியா?"

"அதுவும் தெரியாதுங்க. மறுபடி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"கடைக்காரர்மேல தப்பில்லங்கறியா?"

"அப்படியும் சொல்லல சார். அவர்மேல தப்புன்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்லன்னு சொல்றேன்."

"படிச்ச பிள்ளைங்க வேலை இது!" என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல். "பாட்டில் கழுவத் தெரியாதவங்க ஓடையைக் கழுவ வந்துட்டாங்க!"

அரங்கம் சிரித்தது. அவள் காது சிவந்தது. உட்காரவில்லை.

"பாட்டிலைக் கழுவினது யாரு?" என்றார் தலைவர்.

கடைசி வரிசையில் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

"அலசாம எடுத்தது நான் சார். அலசியிருந்தா இது வந்திருக்காது. எழுதிக்கறதுன்னா என் பேரை எழுதிக்கோங்க."

[அம்மாவை எழுந்து நிற்கவைத்து, 'நான்தான் கழுவினேன்' என்று சொல்லவைக்கலாமா என்று பார்த்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைத் தட்டி, மைக் முன்னால் நிற்பவளைக் காட்டி, "என் பொண்ணு" என்றார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், "எது, தப்பு பண்ணிச்சே, அதுவா?" என்றாள். "அதேதான்" என்றார் அம்மா, பெருமை முகத்தில் கொள்ளாமல்.]

கடையை மூடும் பேச்சு நின்றது. மறுபடி தண்ணீர் எடுத்துப் பார்த்த பிறகு கூடுவது என்று முடிவானது. எல்லோரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியே படிக்கட்டின் கீழே வண்டி கழுவுபவர் நின்றிருந்தார். நன்றி சொல்ல வந்தவர்போல் இல்லை. அம்மாவும் பெண்ணும் இறங்கி வந்ததும் வழியை மறித்தாற்போல ஒரு அடி முன்னால் வைத்தார். இத்தனை பக்கமாக என்னிடம் வாய் திறக்காத ஆள் அப்போதுதான் பேசினார்.

[கட்டுரை கேட்ட பேராசிரியருக்கும், பேர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. கேட்டதாக ஏதாவது எழுதி ஒப்பேற்றலாம். இத்தனைக்குப் பிறகு இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் காது என்னுடையதைவிட இளசு. அவள் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.]

"இன்னிக்கு எனக்குச் சாதகமா இருந்துச்சு, சொல்லிட்ட. நாளைக்கு நல்லா அலசி எடுத்து, அப்பவும் தண்ணி நீலமா வந்துச்சுன்னா, என் பொண்டாட்டி பிள்ளைங்க முன்வரிசையில உக்காந்திருக்கும்போது, இதே மாதிரி எழுந்து நின்னு சொல்லுவியாம்மா?"