மணிக்கட்டைப் பிடித்தவள்

ஸ்டீல் ஸ்கேல் உள்ளங்கையில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவார். எதிரே எட்டு வயது மகள், ஸ்பெல்லிங் நோட்டோடு. பக்கத்தில் நான். என் வேலை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது. "கையை இழுத்தா எலும்புல பட்டுடும். நீ கெட்டியாப் பிடி, அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதற்கு என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அச்சுப் பார்ப்பவர். பெட்டியின் மேல் விழப்போகும் ஆங்கில எழுத்துகளை, மெஷின் ஓடுவதற்கு முன் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தையில் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. ஒரு லாரி நிறையப் பெட்டிகள் வீண். மேனேஜர் அதில் ஒரு பெட்டியை எடுத்து இவர் தலையில் கவிழ்த்து, எல்லோர் முன்னாலும் மதியம்வரை நிற்க வைத்தானாம். இவரா சொல்வார்? கூட வேலை பார்ப்பவரின் மனைவி சொன்னாள். கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அந்த மேனேஜரை அன்றைக்கே ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் என் பிள்ளை தப்பித்திருப்பாள். அங்கே வாயைத் திறக்காத மனுஷன், வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தார்.

ஸ்பெல்லிங் விதி ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. "கடைசியில வர்ற ஈ சத்தம் போடாது, முன்னாடி இருக்கற எழுத்தோட சத்தத்தை மாத்தும். சொல்லு!" அடி. "க்யூ தனியா வராது, பின்னாடியே யூ வரும்." அடி. "ஐ முதல்ல, ஈ அப்புறம். சி-க்குப் பின்னாடி வந்தா மட்டும் திருப்பிப் போடணும்." இதற்கு மட்டும் இரண்டு அடி. அவர் தலையில் பெட்டியைக் கவிழ்த்தது இந்த விதிதான்.

குழந்தை பயத்தில் தன் பெயரையே தப்பாக எழுதுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கோ ஒன்று விடாமல் ஏறிவிட்டது. துணி அலசும்போது வாய் தானாக எழுத்துக்கூட்டும். சோப்பு உறை, மருந்து அட்டை, பஸ்ஸின் பின்பக்கம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். மகளின் பழைய நோட்டுகளில் மிஞ்சிய பக்கங்களில் எழுதியும் பார்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ஒவ்வொரு எழுத்துக்கும் என் பிள்ளையின் தோல் உரிந்திருக்கிறதே! அவரிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு வார்த்தை 'ரிசீவ்'. மூன்று தடவையும் தப்பு. உள்ளங்கை வெடித்து நோட்டில் ரத்தம் சொட்டியது.

"அம்மா, கொஞ்சம் விடும்மா" என்றாள். அழவில்லை. தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

என் விரல்கள் திறந்துகொண்டன. அவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். ஸ்கேலின் விளிம்பு மேஜை ஓரத்தோடு சேர்த்து அவள் மோதிர விரலை அடித்தது. அந்த இன்னொரு சத்தம். விரல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது.

"எதுக்குடி விட்டே?" என்று அவர் என் கன்னத்தில் அறைந்தார்.

நான் ஸ்கேலைப் பிடுங்கினேன். தோள், காது, நெற்றி, எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. புருவத்துக்கு மேல் தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. பெட்டிக்கு அடியிலும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. தோன்றிய பிறகும் அடித்தேன். குழந்தை அலறியதால்தான் நிறுத்தினேன்.

நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு அவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. வேற ஏதாவது உளறினே, நம்ம ரெண்டு பேர்கிட்ட இருந்தும் குழந்தையைப் பிரிச்சுக் கொண்டுபோயிடுவாங்க." அவர் சொன்னது பொய்யில்லை.

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். "காயம் எப்படிப் பட்டுச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. டாக்டருக்குத் தமிழ் தெரியாது."

அவர் கை பேனாவுக்குப் போனது. நான் முந்திக்கொண்டேன்.

"உனக்கு என்ன எழுதத் தெரியும்?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றேன்.

அப்பா ஸ்கேலால் அடித்தார், விரல் உடைந்தது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தையின் மணிக்கட்டில் நாலு தடம் நீலமாக இருந்தது. ஸ்கேலின் தடம் இல்லை, என் விரல்களின் தடம். அடுத்த வரியையும் எழுதினேன்: இரண்டு வருடமாக அவள் கையை நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.

அவர் குனிந்தார். ரத்தம் ஒட்டிய நகம் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்தது. பிழை தேடுகிறார்! எங்கேயும் நிற்காமல் கடைசிப் புள்ளிவரை போன நகம் அங்கேயே இருந்தது.

"முடிஞ்சுதா?" என்று நர்ஸ் கையை நீட்டினாள். காகிதத்தோடு என் கை பின்னால் போனது. குழந்தை தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள், இழுக்க விடாமல், கெட்டியாக.