சாமுண்டீஸ்வரி பிடித்த கயிறு

கோட்டைக்குப்பத்தில் வயது வந்தோர் எழுத்தறிவு மையம் நடக்கும் அறை, பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பழவேற்காடு ஏரிக்குள் இறங்கிவிடும். பன்னிரண்டடிக்குப் பதினாறடி, சிமென்ட் ஷீட் கூரை, இரண்டு ஜன்னல். திறந்த முதல் நாளே அது பதினெட்டுப் பேரையும் பயிற்றுநர் ஜெஸ்ஸியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே மிதந்து போய் ஆந்திரக் கரையில் ஒதுங்கியது. அங்கே சோறு போட்டு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லையிலுள்ள எளாவூர் சோதனைச் சாவடியில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்திலிருந்து என்றார் அறுபத்திரண்டு வயது அங்கமுத்து. அறை மறுநாள் காலை தானாக வந்து சேர்ந்தது. பொறியாளர் ஒருவர் வந்து அடித்தளத்தைத் தட்டிப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் ஒரு முளையில் பிணைத்தார்கள். அறை நகரவில்லை. ஆனால் அன்று ஒருவருக்கும் ஒரு எழுத்தும் ஏறவில்லை; உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஆள் பிடித்து, வேண்டிய அளவு விட்டு, வேண்டிய நேரத்தில் இழுத்தால்தான் பாடம் நடக்கும் என்று தெரிந்தது. அப்படித்தான் சாமுண்டீஸ்வரிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. உத்தரவில் இருந்தவை மூன்று: அறையைப் பெருக்குவது, குடிதண்ணீர் வைப்பது, வராதவர்களை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது. கயிற்றைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. தினமும் மூன்று மணிக்கு அவள் மணலில் குதிகாலை ஊன்றிக் கயிற்றைப் பிடிப்பாள். ஆறு வருடம் பிடித்தாள்.

அந்த ஆறு வருடமும் வருகைப் பதிவேட்டில் அவள் வைத்தது கைநாட்டு. எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் மை டப்பா அவள் ஒருத்திக்காக இருந்தது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தவர்கள் எல்லாம் கையெழுத்துக்குப் போய்விட்டார்கள். அங்கமுத்து தன் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு, "இன்னாம்மா, கட்டைவிரல்ல மை காயவே காயாதா?" என்பார். அவளையும் கற்போர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஜெஸ்ஸி பொன்னேரி அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினாள். பணியாளர் கற்போராக இருக்க விதியில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

யாருக்கும் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவள். வலை கரைக்கு வருமுன்பே, உள்ளே இருப்பது மடவை மீனா நண்டா என்று கயிற்றின் அதிர்வில் சொல்லிவிடுவாள். அதே போல பாடமும் வந்தது. முதல் வருடம் எழுத்துகள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் இடித்தன. இரண்டாம் வருடம் சொற்கள். ஜெஸ்ஸி காட்டூரிலிருந்து சாப்பிடாமல் வந்த நாட்களில் அவள் வயிறு இரைவதும் கயிற்றில் வரும். அன்று அறை கரைக்கு வந்ததும் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். கயிறு கையில் இருக்கும் வரை கரையில் கிடக்கும் பிஸ்கட் உறையைக்கூட அவளால் படிக்க முடிந்தது. விட்டால் எல்லாம் வெறும் கோடு.

போன மார்ச்சில் தேர்வு நடத்தப் பொன்னேரியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் ஞானதாஸ் வந்தார். கறாரான மனிதர். உள்ளே இருந்து ஜெஸ்ஸி, "ஒரு தாள் மிச்சம் இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். சாமுண்டீஸ்வரி கரையில் பக்கத்தில் நின்ற ஞானதாஸிடம் திரும்பினாள்.

"சார், இத்தக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்குவது போல அவர் வாங்கிக்கொண்டார். அவள் சேலையைத் தூக்கிச் செருகி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, அறைக்குள் ஏறி உட்கார்ந்தாள். விதியில்லை என்று கரையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். அங்கமுத்து ஜன்னலில் தலையை நீட்டி, விதிக்காகக் கயிற்றை விட்டுவிட வேண்டாம், கேள்வித்தாளும் உள்ளேதான் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்.

தாளைப் பிரித்ததும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி கோடுகள். அரைமணி நேரம் அப்படியே இருந்தாள். ஜெஸ்ஸி பக்கத்தில் வந்து நின்றாள். சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதால் பேசவில்லை. சாமுண்டீஸ்வரியின் கையைப் பார்த்தாள். அங்கே இல்லாத கயிற்றை விரல்கள் பிடித்திருந்தன. ஜெஸ்ஸி அவள் உட்கார்ந்திருந்த பலகையை அப்படியே இழுத்து, கயிறு கட்டியிருந்த ஜன்னலோரம் போட்டாள். சாமுண்டீஸ்வரி இடது கையால் கயிற்றைப் பற்றினாள். வலது கையால் எழுதத் தொடங்கினாள்.

கரையில் ஞானதாஸுக்கு முதலில் உள்ளங்கை எரிந்தது. பிறகு அங்கமுத்து பக்கத்துத் தாளைப் பார்ப்பது தெரிந்தது. அதன் பிறகு ஒரு பெயர், ஒவ்வொரு எழுத்தாக, மிக நிதானமாகக் கைக்குள் ஏறியது. கடைசி எழுத்து வரும் வரை அவர் அசையவில்லை.

அறிக்கையில் அவர் எழுதியது இரண்டு வரி: உதவியாளர் தேர்வு எழுதலாம், அந்நேரம் கயிற்றை ஒருங்கிணைப்பாளர் பிடிக்க வேண்டும். இந்த மார்ச்சில் கையுறையோடு வந்தார். உதவியாளரின் வேலைப் பட்டியலில் கயிறு நான்காவதாக ஏறியது. மை டப்பாவை அங்கமுத்து தூண்டில் முள் போட்டு வைக்கக் கொண்டுபோனார்.

சாமுண்டீஸ்வரி வெளியே போகும்போது ஒரு முழக் கயிற்றைப் பையில் வைத்துக்கொள்வாள். பழவேற்காடு வங்கியில் இடது கையில் அதைச் சுற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டபோது, இது எதற்கு என்று காசாளர் கேட்டார்.

"நீங்க கண்ணாடி போட்டுனு இருக்கீங்களே, நான் கேட்டேனா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.