முள் மூச்சு விட்ட மதியம்

இருநூற்று ஐந்து ஆமைகளின் மூச்சை எடை போட்ட மனிதன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். நம்ப வேண்டாம், திங்கட்கிழமைகளில் நானே நம்புவதில்லை.

விமான நிலையச் சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை போட்டவன் நான். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால், அது சாப்பிட்டுவிட்டு வந்ததா பட்டினியா என்று எடைமேடையின் முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் மனைவியின் தம்பிதான் அங்கே மேற்பார்வையாளர். வீட்டில் நான் அவனுக்கு மாமா. கிடங்கில் அவன் எனக்கு அதிகாரி.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கிடங்கே கண் சொக்கிக் கிடந்தது. கூரை ஓட்டைகள் வழியே இறங்கிய வெயில், தூசியைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு மரப்பெட்டி வந்தது. ‘பீங்கான் கிண்ணங்கள்’ என்று சீட்டு. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது.

ஏற்றினேன். முள் ஐம்பத்தாறு கிலோவில் நின்றது. நின்றது என்றா சொன்னேன்? மயிரிழை ஏறியது, மயிரிழை இறங்கியது, தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி.

“மாப்ளே, பீங்கான் மூச்சு விடுது.”

“மதியம் என்ன சாப்பிட்டீங்க மாமா?”

“வந்துதான் பாரேன்.”

“ஃபேன் காத்துல ஆடுது. கையெழுத்தப் போட்டு அனுப்புங்க.”

எல்லா மின்விசிறிகளையும் நிறுத்தினேன். சுமை தூக்குபவர்கள் என் காதுபடவே திட்டினார்கள். எங்கள் வியர்வையில் இரண்டு பெட்டிகள் மிதந்தே போய்விட்டன. முள் மட்டும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது.

“அப்ப தரை அதிருது,” என்றான். “உத்தரவு இல்லாம சீல உடைச்சா வேலை போயிடும். அக்காகிட்ட யாரு பதில் சொல்றது?”

அது சரிதான். உள்ளே கிண்ணம் இருந்தால் நாளை முதல் எனக்கு வீடுதான். உயிர் இருந்தால், பதினாறு மணி நேரப் பயணத்தில் பாதி செத்து, மீதி யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கோ விலைபோகும்.

உடைத்தேன்.

உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு காலுறைகள். குழந்தைகள் போடுகிற சின்னக் காலுறைகள், வாயில் பசைநாடா சுற்றி. பிரிக்கப் பிரிக்க, முதுகில் மஞ்சள் கீற்றுகளோடு நட்சத்திர ஆமைகள் சிமெண்டுத் தரையில் நடக்க ஆரம்பித்தன. பட்டப்பகலில் ஒரு வானம் மேசைகளுக்கடியில் மெல்ல ஊர்ந்து போயிற்று. வாசலில் நின்ற விமானம்கூடக் குனிந்து பார்த்தது.

ஏழு ஆமைகள் மட்டும் நடக்கவில்லை. அவற்றைப் பற்றிக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வராது.

வனத்துறையினர் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். மின்விசிறிகள் மறுபடி சுற்றின. உடனே மேலிடத்திலிருந்து தொலைபேசி: உத்தரவில்லாமல் சீல் உடைத்ததற்குக் காரணம் என்ன? மேற்பார்வையாளரின் அறிக்கையில் தகுந்த காரணம் இல்லையென்றால், ஆமை கிடைத்திருந்தாலும் என் வேலை போனது போனதுதான்.

“வாடை வந்துச்சுன்னு எழுதிடு மாப்ளே. முள் மூச்சு விட்டுச்சுன்னு எழுதினா உன்னைப் பார்த்து ஆபீஸே சிரிக்கும்.”

“வாடை ஒண்ணும் வரலையே மாமா.”

அவன் எழுந்து காலி எடைமேடையின் முன் போய் நின்றான். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. வெளியே அந்த விமானம் தாமதமாகக் கிளம்பியதில் தரை அதிர்ந்தது. முள் பூஜ்யத்தைவிட்டு அசையவேயில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து உட்கார்ந்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்: ‘எடைமேடையின் முள் மூச்சு விட்டது. நானும் பார்த்தேன்.’