பச்சை மையில் பேசியவள்

"அது நீ கதைக்காகச் சொன்னதுதானே அக்கா, அதனாலதான் நான் எழுதி…"

"கதைக்குன்னு யாருடி சொன்னா? நான் எப்ப உன்கிட்ட…"

"நீதானே கேட்டு வாங்கின? இந்த வாரம் நான் பொண்டாட்டி, நீ புருஷன்னு நீதானே…"

"கேட்டேன். நடிக்கிறேன்னு சொன்னேனா?"

 சலவைக் கடையின் பின்னறையில் இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. பெரியவள் அதைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். ஓட்டலிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் கசங்கி மலையாகவும், இன்னொரு பக்கம் மடிந்து செங்கல் அடுக்கியதுபோலவும் கிடந்தன. நடுவில் அக்காவும் தங்கையும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சின்னவள் ஓடி வந்ததே நல்ல சேதியோடுதான். நாலு வருஷமாக அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வர, கடைசியில் ஒன்று பிடித்துப்போய், இந்த மாதப் பத்திரிகையில் வருகிறது. பேருந்துப் பணிமனையில் தொலைந்த பொருள்கள் அறையில் வேலை பார்ப்பவள், மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், யாரோ விட்டுப்போன குடைகளுக்கு நடுவே டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். அக்காவும் அவளைக் கட்டிக்கொண்டு, "கடைசியில உன் தொல்லை தாங்காம போட்டுட்டாங்களா?" என்று சிரித்தாள். அப்புறம்தான் கேட்டாள், எந்தக் கதை என்று.

சின்னவள் எழுதுகிற விதமே தனி. வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தால் அவளுக்கு ஒரு வரி வராது. முதலில் இரண்டு பேர் பேச வேண்டும். அவர்கள் எந்த ஊர், என்ன நிறம், வீட்டில் சன்னல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆளைப் பேச விட்டுவிட்டால் உட்கார நாற்காலியை அவனே தேடிக்கொள்வான் என்பது அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கதவு பாதி இறங்கியிருக்கும்போது, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீ வீட்டுக்காரி, நான் ரெண்டு வருஷமா காலி பண்ணாத குடித்தனக்காரி" என்று ஒரு சண்டையை உருட்டிவிடுவாள். பெரியவள் இஸ்திரியை நிறுத்தாமலே பதில் சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, வாயைத் திறந்தால் எதிராளி தலைகுனிந்துதான் போகவேண்டும். தன் பேச்சை நீல மையிலும் அக்கா பேச்சைப் பச்சை மையிலுமாக இவள் எழுதிக்கொள்வாள். வாரம் முழுக்கக் குடைகளிடமும் ஒற்றைச் செருப்புகளிடமும் அந்தப் பேச்சை முணுமுணுத்துப் பார்ப்பாள். நாக்கில் உருள்கிற வரிதான் நிற்கும், மற்றதெல்லாம் குப்பைக்கு. வீட்டையும் தெருவையும் அதைச் சுற்றிக் கடைசியில்தான், நீல மையிலேயே கட்டுவாள். நல்ல பிரதி எடுக்கும்போதும் இரண்டு மையையும் விடமாட்டாள். ஒரே மையில் எழுதினால் ஒருத்தியே கண்ணாடி முன்னால் நின்று புலம்புகிற மாதிரி தோன்றுமாம் அவளுக்கு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, என்றுமில்லாத திருநாளாக அக்காவே வேடத்தைக் கேட்டு வாங்கினாள். அன்றைக்கு அவள் சொன்ன வேகத்துக்குப் பேனா ஓடவில்லை.

'நீங்க படி ஏறி வர்ற சத்தம் கேட்டா நான் குழாயைத் திறந்து விட்டுடுவேன். தண்ணி ஓடுற வரைக்கும் உங்க பேச்சு எனக்குக் கேக்காது.'

'ஒவ்வொரு துணியா வெளியே போயிட்டேங்க. இப்ப இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான்.'

எழுதிக்கொண்டே சின்னவள் வியந்துபோனாள். கொஞ்சம் பொறாமையும் பட்டாள். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு இவ்வளவு கற்பனையா, நமக்கு ஏன் ஒரு வரிகூட இப்படி வரமாட்டேன் என்கிறது என்று.

இப்போது பெரியவள் துணி அடுக்குக்குப் பின்னால் கையை விட்டு, எண் வில்லை குத்திய ஒரு பையை எடுத்தாள். வாடிக்கையாளர் பை மாதிரிதான் இருந்தது. அதற்குள் ஒரு சாவி.

ஒற்றை அறை, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும் என்றாள். தினம் ஒரு துணியாக, ஊரார் துணிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய் அங்கே சேர்த்தாகிவிட்டது. நாளன்றைக்கு, சனிக்கிழமை, புருஷன் வேலைக்குப் போனதும் இவளும் வீட்டை விட்டுப் போகப்போகிறாள். பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை. சொல்லமுடியாததை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடத்தைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அத்தான் கை நீட்டுகிற ஆளில்லை. குரலை உயர்த்துகிற ஆளும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துபவர். அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். அவள் ஒன்று சொன்னால் அதில் மூன்று திருத்தம் சொல்வார். சிரித்தால் எதற்கு, அழுதால் அது ஏன் சரியில்லை என்று பொறுமையாக, புன்னகையோடு விளக்குவார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டாள்; அவர் படியேறினால் குழாய்தான் பேசும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருதடவை அம்மா வீட்டுக்கு வந்துவிட்டபோது, அவர் பின்னாலேயே வந்து கூடத்தில் மூன்று நாள் உட்கார்ந்தார். ஊசி போகிற இடத்தில் நூலை நுழைப்பதுபோலப் பேசிப் பேசி, மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவே பெட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பும்படி செய்துவிட்டார். அம்மாவோடு சேர்ந்து, "அத்தான் நல்லவர்தானே அக்கா" என்று அன்றைக்குச் சொன்னவள் சின்னவள். அது இப்போது நினைவுக்கு வந்தது.

அந்தப் பத்திரிகை அத்தானின் அச்சகத்தில்தான் அச்சாகிறது. மாடியில் ஆசிரியர், கீழே பிழை திருத்துகிற அறை.

"அவர் கைக்கு எப்ப போகும்?" என்றாள் பெரியவள்.

"மூணு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"போய்த் திரும்ப வாங்கிடு. இன்னொரு கதை எழுதிக்கலாம்டி, எத்தனை வேணும்னாலும் நான் பேசறேன். எனக்கு இன்னொரு சனிக்கிழமை கிடையாது."

"வாங்கிட்டு வந்துடறேன்கா" என்றாள் சின்னவள். அந்த நிமிடம் அதை மனசாரத்தான் சொன்னாள்.

ஆசிரியருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். முன்பு இரண்டு மையைப் பார்த்துவிட்டு, இது கதையா, வாத்தியார் திருத்திக் கொடுத்த விடைத்தாளா என்று கேட்ட மனிதர். சின்னவள் மூச்சிரைக்கப் படியேறிப் போய், கதை வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்றதும் அவர் கோபப்படவில்லை. தாராளமாக எடுத்துக்கொள், நாலு பக்கம் பல்லிளிக்கும், அதை ஏதாவது விளம்பரத்தை வைத்து அடைத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் பந்தியில் உட்கார்ந்து இலையை மூடுகிறவளுக்கு மறுபடி இலை போடுகிற வழக்கம் இங்கே இல்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே, பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டாவது போ என்று தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பார்த்தது தப்பு. மேலே கதையின் தலைப்பு. அதன்கீழே அவள் பெயர். குடைகளில் கட்டுகிற அட்டையில் எத்தனையோ பேரின் பெயரை எழுதியிருக்கிறாள், தன் பெயரை இப்படிக் கறுப்பாக, நிமிர்ந்து நிற்கப் பார்த்ததில்லை. விரலால் அதைத் தடவினாள். மை ஒட்டவில்லை.

"எடுத்துக்கறியா, வச்சுக்கட்டுமா?"

"ரெண்டு மூணு இடம் மட்டும் திருத்திக் கொடுத்துடறேன் சார்" என்ற குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கணினியில் பக்கம் கட்டுகிற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். அக்காவின் வரியில் குழாயை எடுத்துவிட்டு வானொலியை வைத்தாள். உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். செத்த எலிபோல விழுந்தது வரி. வானொலியை எடுத்துவிட்டுக் கதவை மூடுகிறாள் என்று போட்டாள். அதற்கும் உயிர் இல்லை. துணிக்குப் பதில் பாத்திரம், பாத்திரத்துக்குப் பதில் புத்தகம் என்று மாற்ற மாற்ற, அந்தப் பொண்டாட்டி வாயே திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கதையில் தன்னுடையது என்று பார்த்தால் சுவரும் சன்னலும் நாற்காலியும்தான். உள்ளே உட்கார்ந்து பேசியதெல்லாம் அக்கா. பக்கத்துப் பெண், யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

இரண்டேகாலுக்கு வந்தது அந்த யோசனை. வரியை ஏன் மாற்றவேண்டும்? ஆளை மாற்றினால் போதாதா? குழாயைத் திறந்துவிடுகிறவன் புருஷன். பொண்டாட்டி படியேறி வரும் சத்தத்துக்குப் பயந்தவன். சட்டை சட்டையாக வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருப்பவன் அவன்.

கிடுகிடுவென்று மாற்றினாள். வேலை பாதி நடக்கும்போதே கதை தலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டது. இப்படி ஓர் ஆணை இதுவரை யாரும் எழுதவில்லை என்று அவளுக்குப் பட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. புருஷன் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவள் உதடும் கூடவே ஓடியது. கடைசி வரியைத் தட்டி முடித்தபிறகுதான், அரை மணி நேரமாக அக்காவைப்பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை என்பது உறைத்தது.

கத்தரிக்கோல் நின்றபடியே படித்தார். முதல் தடவையாக அவர் புருவம் மேலே போனது. இதை முதலிலேயே இப்படி எழுதித் தொலைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு, தாள்களைச் சேர்த்து, இழுப்பறையிலிருந்து இன்னும் எதையோ எடுத்து ஒரு கவ்வியில் மாட்டிக் கீழே போகிற தட்டில் வைத்தார். சின்னவள் பார்த்தது அவர் புருவத்தைத்தான். கவ்வியைப் பார்க்கவில்லை.

மாடிப்படி முனையில் நின்று சலவைக் கடைக்குப் போன் போட்டாள்.

"வாங்கிட்டியா?" என்றது மறுமுனை.

"முடிஞ்சுதுக்கா."

"வாங்கிட்டியான்னு கேட்டேன்."

"முடிஞ்சுதுன்னு சொல்றேன் இல்ல. நீ பயப்படாத."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெரியவள், "நீ நல்லா இருப்பேடி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்போதே போயிருக்கவேண்டும். கால் போகவில்லை. தன் வரி அத்தான் காதில் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை ஒரு பக்கம், பிடிபடவில்லை என்று உறுதி செய்துகொள்கிற பயம் ஒரு பக்கம். திருடன் திருடிய இடத்தையே சுற்றி வருகிற கதையாக, கீழ்க் கூடத்தில் காகித உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்று மணிக்குத் தட்டு உள்ளே போனது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அத்தானின் தலை குனிந்தது. பத்து நிமிடம் கழித்து, நிமிராமலே ஒரு விரலை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டார்.

"வாங்க எழுத்தாளரம்மா. உக்காருங்க."

எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அத்தான் பெருமையாகத்தான் பேசினார். வீட்டுக்குள்ளேயே ஓர் எழுத்தாளரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பிழை திருத்தியிருக்கிறேனே என்றார். இரண்டே இடத்தில்தான் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, மற்றபடி சுத்தம் என்றார். அவளுக்கு மூச்சு மெதுவாகத் திரும்பி வந்தது.

அப்புறம் அவர் மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்தார். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அவர் முன்னால் இருந்தது ஒரு கட்டு இல்லை, இரண்டு. வலப்பக்கம் அச்சுப் பிரதி. இடப்பக்கம், அதே கவ்வியிலிருந்து கழற்றி வைத்த அவளுடைய கையெழுத்துப் பிரதி. நீலமும் பச்சையும்.

பிழை திருத்துகிறவன் அச்சை மட்டும் படிப்பதில்லை, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பான். அந்தக் கட்டடத்தில் தரை பெருக்குகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். நாலு வருஷமும் கதைகள் மாடியிலிருந்தே திரும்பிவிட்டதால், கீழே என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அத்தான் அடிக்கோலை இடப்பக்கத் தாளில் ஒரு வரிக்கு அடியில் வைத்தார். பிறகு வலப்பக்கத்தில். மறுபடியும் இடப்பக்கம். குரல் எப்போதும்போல மிருதுவாகத்தான் இருந்தது. மூலத்தில் பொண்டாட்டி பேசுகிற பேச்சு அச்சில் புருஷன் வாய்க்குப் போயிருக்கிறது, ஒரு இடம் என்றால் கைத்தவறு, பதினாலு இடத்திலும் எப்படித் தவறும் என்றார். மேலே மாற்றிவிட்டார்களோ என்று பார்த்தேன், கத்தரிக்கோல் வெட்டுவாரே தவிர ஆளை மாற்றமாட்டார் என்றார். அவள் தானே மாற்றியதாகச் சொன்னாள். கதைக்கு அதுதான் பொருத்தம் என்று சொன்னாள். 

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடிக்கோலின் முனை நகர்ந்து நகர்ந்து, குழாயைத் திறந்துவிடுகிற வரியில் போய் நின்றது. அந்த வரியை அவர் வாய்விட்டுப் படித்தார், ஒருமுறை வேகமாக, ஒருமுறை மெதுவாக. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீலம் உன்னோடதுன்னு தெரியுது. இந்தப் பச்சை மை யாரு பேசினது?"